எனக்கு எம்புட்டு மார்க்கு?

பூம்பாறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்து ஓர் அக்கா என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் எங்கள் மாணவிகளுக்குக் களப்பணி உண்டு. நாட்டார் வழக்காற்றியல் தாளோடு சேர்ந்தது. இரண்டு கிரெடிட். ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவர்களிடம் போய்க் கேட்டு, அவர்களுடைய சொற்களைத் தொகுத்து அறிக்கை எழுத வேண்டும். அந்த ஆண்டு ஒரு மாணவி மலைப்பூண்டை எடுத்தாள். அவள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவள் வீடே பூண்டு போடும் வீடு. அவளுடைய தகவலாளி அவளுடைய அம்மா.

களம் பார்க்க நானும் போயிருந்தேன். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் புகைவாசமும் பூண்டுவாசமும் சேர்ந்து அடித்தன. பரணில் தாளோடு கட்டிய பூண்டுக் கட்டுகள் தொங்கின. கீழே மூட்டம். புகை குடித்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது. விதைக்கும் அதிலிருந்தே எடுத்து வைப்பார்கள். அம்மா என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பார்த்தவுடன் அக்கா என்றுதான் கூப்பிட வந்தது.

எந்தப் பல்லை விதைக்கு எடுப்பது, எதைச் சமையலுக்குத் தள்ளுவது, மழை பிந்தினால் ஊனுவதை எத்தனை நாள் ஒத்திப்போடலாம், எந்த வயலில் போன போகம் என்ன போட்டிருந்தால் இந்தப் போகம் பூண்டு ஏறும், மூட்டத்துக்கு எந்த விறகு ஆகாது, வடுகபட்டி மண்டியில் எந்த ரகத்தை எப்படித் தரம் பிரிப்பார்கள் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். மகள் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்து அவள் நோட்டை மூடியபோதுதான் அக்கா கேட்டார்.

“இதுக்கு இவளுக்கு மார்க் உண்டா டீச்சர்?”

“உண்டுக்கா. ரெண்டு கிரெடிட்.”

“சொன்னது பூராம் நானு. எனக்கு எம்புட்டு மார்க்கு?”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பேருந்தில் இறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தகவலாளி என்ற சொல்லை நான் பத்தாண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தகவல் கொடுப்பவர். அறிவு கொடுப்பவர் அல்லர். அவரிடமிருந்து தகவல் வரும். அது எங்கள் நோட்டில் ஏறியபிறகுதான் அறிவாகும். பெயர், வயது, ஊர், கல்வி என்று பின்னிணைப்பில் ஒரு வரி எழுதுவோம். அக்காவுக்கு அந்த வரியில் ‘எட்டாம் வகுப்பு’ என்று எழுதினோம். இருபது வருடப் பூண்டுக்கு அந்த வரியில் இடமில்லை.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்தின் பின்னால் கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உழைப்பு இருந்தது. 1984-ல் அரசு பெண்களுக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகம் அது. மலைக்குப் பெருமைதான். ஆக, பூண்டுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பூண்டு போடுகிறவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழியைத்தான் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

என் கதையும் இதில் கொஞ்சம் இருக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வு குறிஞ்சித்திணை பற்றியது. குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களுக்கு மட்டும் ஓர் இயல் ஒதுக்கினேன். தொண்ணூற்றொன்பது பூக்கள். கபிலர் பாடியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்ற பழங்குறிப்பும் உண்டு. அதாவது அதுவே ஒரு பாடநூல். ஆனால் அந்தப் பாட்டுக்குள் பேசுகிறவர் கபிலர் அல்லர். தோழி. தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்லும்போது, நாங்கள் இன்னின்ன பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்தோம் என்று அவள்தான் அடுக்குகிறாள். தினைப்புனம் காக்கப் போன ஒரு பெண்ணின் வாயிலிருந்து தொண்ணூற்றொன்பது பெயர் வருவது கபிலருக்கு இயல்பாகத்தான் பட்டிருக்கிறது. எனக்கு அந்த இயல் எழுதியபோது அது உறைக்கவில்லை. உரைவேறுபாடுகளைப் பற்றி அறுபது பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அந்த அறுபது பக்கத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இதில் எத்தனை பூவை நேரில் கண்டால் உனக்கு அடையாளம் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். எனக்குப் பட்டம் கிடைத்தது.

அக்காவின் கேள்வியை வெறும் கேலியாக விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்கு இப்போது சட்டபூர்வமான ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கிக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வெளியானது. அதன்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். மூன்றாண்டு இளங்கலைக்கு 120. வகுப்பில் கற்றது, தொழிலில் கற்றது, அனுபவத்தில் கற்றது எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் கொண்டுவரலாம், மதிப்பீட்டில் தேறினால் போதும் என்கிறது அந்த ஆவணம். முன்கற்றல் அங்கீகாரம் என்று இதற்குப் பெயர்.

படித்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. 2019-ல் ஒன்றிய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். 299 நிமிடத்தை 365 நாளால் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 1800 மணி நேரம். முப்பதால் வகுத்தால் அறுபது கிரெடிட். இரண்டே ஆண்டில் இளங்கலைப் பட்டம். இதை வகுப்பறைப் பலகையில் எழுதியபோது மாணவிகள் கைதட்டினார்கள். ஒருத்தி, “அப்ப எங்க பாட்டிக்கு எத்தனை டாக்டர் பட்டம் மேடம்?” என்றாள்.

கைதட்டல் அடங்கியதும் அந்தக் கணக்கை நானே அழித்தேன். அது பொய்க் கணக்கு. பாத்திரம் துலக்குவதை முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிறோம். அதன்பிறகு நாற்பது வருடம் துலக்குவது கற்றல் அல்ல, உழைப்பு. உழைப்புக்குக் கூலி கேட்க வேண்டும், பகிர்ந்துகொள்ள ஆள் கேட்க வேண்டும். கிரெடிட் கேட்கக் கூடாது. கேட்டால் நமக்குக் கூலிக்குப் பதிலாக ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு, அடுப்படியை நம் பெயருக்கே பட்டா போட்டுவிடுவார்கள். மணிக்கணக்கை வைத்து அறிவை அளக்க முடியாது. எத்தனை மணி நேரம் செய்தாய் என்பதல்ல கேள்வி. செய்து என்ன கண்டுபிடித்தாய், அதை இன்னொருவருக்கு விளக்க முடியுமா, இடம் மாறினால் என்ன செய்வாய் என்பதுதான்.

இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே யோசித்தவர்கள் பெண்கள்தாம். 1977-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ரூத் எக்ஸ்ட்ராமும் அவருடைய சகப் பெண் ஆய்வாளர்களும், இல்லத்தரசியாகவும் தன்னார்வலராகவும் கற்றதற்குக் கல்லூரி கிரெடிட் பெறுவது எப்படி என்றே பெயரிட்டு ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். பிள்ளை வளர்த்து முடித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களுக்கானது. ‘வீட்டைக் கவனித்தேன்’ என்று எழுதினால் போதாது. அதற்குள் திட்டமிட்டது, கணக்குப் பார்த்தது, கற்றுக்கொடுத்தது எது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் வழி அது. பிரான்சில் 2002-ல் வந்த சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. அனுபவத்தை எழுத்தில் தொகுத்து நடுவர் குழுவின் முன் நிறுவினால், வகுப்புக்கே போகாமல் முழுப் பட்டத்தையும் பெறலாம் என்றது.

நமக்கு ஒன்றும் இது புதிதல்ல. உ.வே.சாமிநாதையரிடம் பட்டம் ஏதும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அருகில் இருந்து கற்றவர். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது தன் இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்தார். கும்பகோணம் கல்லூரி அவரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு, திறம் பார்த்து வேலை கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது அரைநூற்றாண்டு கழித்து, 1932-ல். தமிழ்த்துறைகளின் மூதாதையே முன்கற்றல் அங்கீகாரத்தில் வந்தவர்தான். அன்று அந்தப் பாடத்தை அடுக்களையிலிருந்து காதில் வாங்கிய ஒரு பெண் இருந்திருந்தால், அவளைக் கேள்வி கேட்க எந்தக் கல்லூரியும் அழைத்திருக்காது. வகுப்புக்கு வெளியே கற்றதைப் பல்கலைக்கழகங்கள் மதிக்காமல் இல்லை. கௌரவ டாக்டர் பட்டம் என்ற பெயரில் இன்றும் மதிக்கிறார்கள். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவர்களை மட்டும் மதிக்கிறார்கள்.

சோதனை இல்லாமல் திறக்கும் கதவு எப்படி மூடும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தி பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். கல்யாணம், மூன்று பிள்ளைகள். முப்பத்தைந்து வயதில், இளங்கலை இல்லாமலே முதுகலை படிக்கலாம் என்ற திறந்தநிலை வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தார். இரவு பதினோரு மணிக்குமேல் படிப்பார். தேர்வெழுதித் தேறினார். ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் சோதிக்கவில்லை. கட்டணம் கட்டியது போதுமாக இருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் முதல் பட்டம் இல்லாமல் இப்படிப் பெற்ற முதுகலை செல்லாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 107-ஆம் எண் அரசாணையில், பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று வரிசையாகப் படித்தவர்களுக்கே அரசு வேலை என்றது. சித்தி அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தார். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டது. இப்படிப் பட்டம் வாங்கியவர்களில் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தீர்ப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. சித்தியை நன்றாகக் கேள்வி கேட்டு, உனக்கு இவ்வளவு தெரியும், இதற்கு இவ்வளவு கிரெடிட், இது தெரியாது, இதைப் படித்துவிட்டு வா என்று முதலிலேயே யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அதை ஒரு தீர்ப்பால் அவ்வளவு எளிதாகத் துடைத்திருக்க முடியாது.

அதனால்தான் புதிய கட்டமைப்பையும் சந்தேகத்தோடு பார்க்கிறேன். தேசியக் கல்விக் கொள்கையோடு வந்தது அது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை எதிர்க்கிறது. முதலாண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாமாண்டு முடித்தால் பட்டயம், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்ற ஏற்பாடு எங்கள் மாணவிகளின் வீட்டில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ‘அதான் ஒரு சர்டிபிகேட் வந்துருச்சுல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவசரப்படுறாங்க’ என்று கேட்கும். முன்கற்றல் அங்கீகாரமும் 2015-லிருந்து பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. தையல் தெரிந்தவருக்குத் தையல் தெரியும் என்று சான்றிதழ். அதோடு கதை முடிந்தால் அது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இயந்திரத்துக்கே அவரைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை கொண்டுவந்து விட வேண்டும். பூண்டு தெரிந்தவர் வேளாண்மை படிக்க வர வேண்டும். தாவரவியல் படிக்க வர வேண்டும். வேண்டுமென்றால் தமிழும் படிக்க வர வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு அக்காவுக்கு நான் கொண்டுபோன பதில் மிகச் சின்னது. எங்கள் கல்லூரியில் அவருக்குக் கிரெடிட் கொடுக்க வழியில்லை. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஆயத்தப் படிப்பு முடித்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். ஆனால் நாளைக்கு அரசு வேலை என்று நினைத்தால் சித்திக்கு வந்தது இவருக்கும் வரும். எட்டாவது தேறியவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். பிறகு பன்னிரண்டு, பிறகுதான் பட்டம். நீண்ட வழி. ஆனால் பின்னால் யாரும் பிடுங்க முடியாத வழி. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இம்புட்டு நாளாப் படிச்சது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். அடுத்த ஆண்டு மூன்று மாணவிகள் பூண்டையே எடுத்திருந்தார்கள். முந்தைய அறிக்கையைப் பார்த்து எழுதியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவர்களுடைய வாய்மொழித் தேர்வுக்கு அக்காவை வரச்சொன்னேன். துறையில் முணுமுணுப்பு இருந்தது. மதிப்பெண் நான்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். அக்கா முதல் பேருந்தைப் பிடித்து, பட்டையான சரிகை வைத்த புடவையில் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

முதல் மாணவி இருபத்தெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். அருமையான மொழி. அக்கா கேட்டார்: “பல்லை எந்தப் பக்கம் மேல பாக்க ஊனுவ?” அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். இரண்டாமவளிடம், “அறுப்புக்கு வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?” தாள் மஞ்சளாகிச் சாயும் என்று சரியாகச் சொன்னாள். அக்கா விடவில்லை. “மழையிலயும் சாயும், நோவு வந்தாலும் மஞ்சளாகும். எப்படிப் பிரிச்சுப் பாப்ப?” அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். ரெண்டு செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், பல் தனித்தனியாகத் திரண்டு பிரிந்திருந்தால் அறுப்பு, இல்லையென்றால் வேறு ஏதோ கோளாறு என்று அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “தெரியலன்னு ஒத்துக்கிடுச்சுல்ல. அதுக்கு ஒரு மார்க் போடுங்க டீச்சர்” என்றார்.

இருபது ஆண்டுகளில் நான் உட்கார்ந்த வாய்மொழித் தேர்வுகளில் இவ்வளவு நேர்மையான தேர்வு அதிகமில்லை. முதல் கேள்வி அடிப்படை. பதில் வந்தால் அடுத்தது அதன் காரணம். அதற்கும் வந்தால் விதிவிலக்கு. இதைத்தான் நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் பாடமாகப் படிக்கிறோம். அக்காவிடம் யாராவது இதேபோலக் கேட்டால் அவர் பதில் சொல்வார். அவர் கேட்பது சலுகை அல்ல. என்னையும் கேளுங்கள், தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குத் தெரிய வேண்டுமே என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் சிக்கல். பூண்டு தெரியாத நான் பூண்டு தெரிந்தவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? அவரைப் போன்ற இன்னும் நான்கு பேரும் என்னைப் போன்ற ஒருத்தியும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும். அதற்கு ஒரு மேசை போதும். அந்த மேசையைத்தான் நாம் இன்னும் போடவில்லை.

மதிப்பெண் தாளில் தேர்வாளர் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது. இரண்டுமே முனைவர் என்று அச்சடித்துத் தொடங்குகிற கோடுகள். ஒன்றில் நான் போட்டேன். மற்றதில் துறையின் இன்னொரு பேராசிரியர் மறுநாள் போட்டார். அவர் அன்று அறையிலேயே இல்லை.

அக்கா இப்போது பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறார். மகள் கணக்குச் சொல்லித் தருகிறாள். போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார். அறிவியலில் தாவர இனப்பெருக்கம் படித்துக்கொண்டிருந்தாராம்.

“டீச்சர், விதையில்லாம, செடியோட ஒரு துண்டுலருந்தே இன்னொரு செடி வர்றதுக்கு உடல இனப்பெருக்கம்னு பேராம்ல. நாங்க பல்லை ஊனுறமே, அதுதான?”

“அதேதான்க்கா.”

“இதக் கேட்டா எம்புட்டு மார்க்கு?”

“ரெண்டு மார்க் கேள்வியா வரும்.”

“வரட்டும்” என்றார். “அத நான் வாங்கிருவேன்.”